அளக்கும் கருவியை அளந்து பார்த்தல்

இன்ன விதையை விதைத்தால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை அதிகம் காணும் என்றும், இன்ன முறையில் நட்டால் இவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்றும் நாம் பேசும்போதெல்லாம், அப்பேச்சு ஏதோ ஓர் எண்ணின்மீது நிற்கின்றது. அவ்வெண் வயலில் ஒருவர் கயிறு பிடித்து, மற்றொருவர் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துக் கண்டது. கயிறு சரியா, தராசு சரியா, கயிறு பிடித்தவர் கை சரியா என்று முன்னதாகப் பார்த்தவர் மிகச் சிலரே. புதுக்கோட்டை ஜில்லாவின் குடிகளுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் விசாரணை அன்று. பயிர் இன்ஷியூரன்ஸ் பணம் வருவதும் வாராததும், கொள்முதல் நிலையத்தில் நெல் எடுபடுவதும் தள்ளுபடியாவதும் இதனையே பொறுத்திருக்கின்றன. எந்த அளவையையும் உபயோகத்திற்கு எடுக்குமுன் அந்த அளவையையே சோதிக்க வேண்டும் என்பதும், அச்சோதனையில் கண்ட வித்தியாசத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். முதலாம் இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வரும் நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்றும், அம்மரக்கால் இராஜகேசரிக்கு ஒத்தது என்றும் கண்டிருக்கின்றது. எத்தனை கலம் என்று மாத்திரம் வெட்டி விடாமல், எந்த மரக்காலால் என்பதையும், அது வேறெந்த அளவுக்கு ஒத்தது என்பதையும் கூடவே கல்லில் வெட்டினார்கள். பிற்காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்து, ஊருக்கொரு மரக்கால், வீட்டுக்கொரு படி என்றாயிற்று. தலை தட்டி அளப்பவர் ஒருவர், குவித்து அளப்பவர் மற்றொருவர். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்னாமல் "லாபம்" என்று தொடங்குவது வழக்கம்; குவித்து அளந்தால் அந்த லாபம் யாருக்கு என்பது வாரம் செலுத்திய குடிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1956-ஆம் வருஷத்து எடை அளவுச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் அளவுகள் வந்து, நெல்லைப் படியால் அளக்காமல் தராசில் நிறுக்கும் பழக்கம் பரவிற்று. பெரும் குழப்பம் ஒன்று அதனால் நீங்கிற்று எனினும், தராசு வந்ததனாலேயே அளவு மெய்யாகிவிட்டது என்று கொள்வது பிசகு.

அளவையில் நேரும் பிசகு இருவகைப்படும். குவித்து அளக்கும் படி எப்பொழுது அளந்தாலும் ஒரே அளவாகவே குறைத்துக் காட்டும். அதனை ஒருபுறச் சாய்வு என்போம். ஒரே நெல்லை ஒருவரே மூன்று முறை அளந்து மூன்று விதமாகக் கண்டால், அது சிதறல். சிதறலிலும் இரண்டு உண்டு: அதே ஆள், அதே கருவி, அதே நெல் என்றிருக்க நேருவது ஒன்று, ஆள் மாறினால் நேருவது மற்றொன்று. மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைகளில் பத்து உருப்படிகளை மூன்று ஆட்கள் தனித்தனியே இரண்டு அல்லது மூன்று முறை அளந்து, காணும் வித்தியாசத்தில் எவ்வளவு உருப்படியைச் சேர்ந்தது, எவ்வளவு கருவியைச் சேர்ந்தது, எவ்வளவு ஆளைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அளவையினால் மாத்திரம் உண்டாகும் வித்தியாசம் மொத்த வித்தியாசத்தில் நூற்றுக்கு 10-க்குள் இருந்தால் அக்கருவி நல்லது என்றும், 30-க்கு மேற்பட்டால் அதனைக்கொண்டு எதையும் தீர்மானிக்கலாகாது என்றும் அவர்கள் பொதுவாகக் கொள்வது வழக்கம். இரும்புத் துண்டுக்கு இவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருக்க, ஒரு கிராமத்தின் கண்டுமுதலைத் தீர்மானிக்கும் கயிற்றுக்கு அதில் நாலிலொரு பங்காவது வேண்டாவோ?

கண்டுமுதல் கணக்கின் பழைய கதையையும் சிறிது சொல்லுதல் வேண்டும். முற்காலத்தில் கிராம உத்தியோகஸ்தர் வயலைக் கண்ணால் பார்த்து, இவ்வருஷம் இத்தனை அணா விளைச்சல் என்று எழுதுவார். அதற்கு அணாவாரி மதிப்பு என்று பெயர். பழக்கப்பட்ட கண் பெரும்பாலும் பொய் சொல்லாது. ஆயினும் நல்ல வருஷத்தைச் சற்றுக் குறைத்தும், கெட்ட வருஷத்தைச் சற்று உயர்த்தியும் எழுதுவது மனித சுபாவம். ஹப்பாக் என்னும் அதிகாரி பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் நெல் வயல்களைத் திருவுளச்சீட்டுப்போலத் தேர்ந்தெடுத்து, சிறு துண்டாக அறுத்து நிறுத்துப் பார்த்த பரீட்சையின் விவரம் 1927-இல் வெளிவந்தது. பின்னர் வங்காளத்தில் பேராசிரியர் மஹலனோபிஸ் இம்முறையை விரிவாக நடத்தினார். 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தின்போது, தேசத்தில் எவ்வளவு நெல் இருக்கின்றது என்பதே நிச்சயமாகத் தெரியாமற் போனதன் விளைவை உலகம் கண்டது.

மஹலனோபிஸ் கையாண்ட உபாயம் ஒன்று நமக்கு மிகவும் பிரயோஜனமானது. ஒரே பிரதேசத்தில் தேர்ந்த வயல்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு குழுவினரிடம் ஒப்புவிப்பார். இரு குழுவினரும் கொண்டுவரும் சராசரி ஏறக்குறைய ஒத்திருந்தால் அளவையை நம்பலாம். வெகுவாக விலகினால், பயிரைப்பற்றி ஒன்றும் பேசுமுன் அளந்தவரைப்பற்றிப் பேசவேண்டும். அக்காலத்திலேயே டாக்டர் சுகாத்மே என்பவர், மிகச் சிறிய துண்டாக அறுத்தால் மகசூல் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும் என்று பரீட்சித்துக் காட்டினார். அதன் காரணம் எளிது. துண்டின் ஓரத்தில் நிற்கும் குத்து உள்ளே சேர்ந்ததா, வெளியே சேர்ந்ததா என்ற சந்தேகம் வந்தால், அறுப்பவர் கை அதை உள்ளேயே சேர்க்கும். நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் அகலம் இப்படி உள்ளே வந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் சதுரத்தில் அது நூற்றுக்கு 44 அதிகமாகும். 5 மீட்டர் சதுரத்தில் 8 சொச்சம். 10 மீட்டர் சதுரத்தில் 4 தான்.

இப்பொழுது நம் ஜில்லாவில் நெல்லுக்கு நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் அறுக்கிறார்கள். அதில் கண்ட நெல்லை 400-ஆற் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு ஆகும் மகசூல் கிடைக்கும். நெல்லைப் பெருக்குவது போலவே இக்கணக்குப் பிசகையும் பெருக்குகின்றது. தராசில் 100 கிராம் தவறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ தவறும். கயிறு ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் நீண்டுவிட்டால் பரப்பு 25-க்குப் பதிலாக 26 சதுர மீட்டர் ஆகி, மகசூல் நூற்றுக்கு 4 அதிகம் காட்டும்.

நூற்றுக்கு 4 தானே என்று எவரும் அலட்சியம் செய்தலாகாது. 2016 முதல் நடந்துவரும் பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில், உத்தரவாத மகசூலிலிருந்து உண்மை மகசூலைக் கழித்து, மீதியை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையாற் பெருக்கி நஷ்ட ஈடு கணக்கிடுகிறார்கள். உதாரணமாக உத்தரவாத மகசூல் 3,600 கிலோ, உண்மையில் விளைந்தது 3,000 கிலோ, காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்று கொள்வோம். வரவேண்டியது 5,000 ரூபாய். நீண்ட கயிற்றினால் மகசூல் 3,120 கிலோ என்று பதிவானால் வருவது 4,000 ரூபாய்தான். அளவையில் 4 பங்கு தவறியது, குடியானவன் கையில் 20 பங்காகக் குறைகின்றது. அதுவும் ஒருவருக்கு மாத்திரமன்று. அக்கிராமத்தில் அப்பயிருக்குக் காப்பீடு செய்த அத்தனை பேருக்கும்.

அப்படியாயின் கயிறு சற்றுக் குட்டையாக இருப்பதே நலம் என்று சிலர் மனத்திற் கொள்ளக்கூடும். உத்தரவாத மகசூல் எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். கடந்த 7 வருஷங்களில் நல்ல 5 வருஷத்துச் சராசரியிலிருந்து அது கணக்கிடப்படுகின்றது. குட்டைக் கயிற்றால் தொடர்ந்து அளந்துவந்தால் அச்சராசரியே கீழிறங்கி, மெய்யாகவே பயிர் போன வருஷத்தில் நஷ்டம் சிறிதாகத் தோன்றும். வருஷந்தோறும் பிசகு ஒரே அளவாக இருந்தால், உத்தரவாத மகசூலும் உண்மை மகசூலும் ஒரே விகிதத்தில் மாறி, நஷ்ட ஈடு முன்போலவே நிற்கும். கயிறோ ஆளோ மாறுகிற வருஷம்தான் ஆபத்து. ஆகவே ஒருபுறச் சாய்வு தெரிந்திருந்தால் சமாளிக்கலாம். தெரியாமல் மாறுவதே கேடு.

ஒரு கிராமத்தை அலகாகக் கொண்ட பிரதான பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனைகள் நடத்தவேண்டும் என்பது திட்டத்தின் விதி. நான்கின் சராசரியை எடுத்தால் சிதறல் பாதியாகக் குறையும் என்பது கணித சாஸ்திரம். ஆனால் நான்கு வயலையும் ஒரே நீண்ட கயிற்றால் அளந்தால், நான்கிலும் அதே சாய்வு இருக்கும். சராசரியிலும் அது அப்படியே இருக்கும். நாற்பது அறுத்தாலும் போகாது.

கயிற்றைப்பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. தேங்காய் நாரும் பருத்தி நூலும் நனைந்தால் சுருங்கும்; நைலான் இழுத்தால் நீளும். சம்பா அறுவடைக் காலத்துப் பனியில் காலை ஏழு மணிக்கு இருந்த கயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அதே நீளம் இராது. நில அளவைக்காரர் தம் சங்கிலியைத் தரமான நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே வேலை தொடங்குவது பழைய ஒழுங்கு. அறுவடைக் கயிற்றுக்கும் அது வேண்டும். எஃகு நாடா கிடைக்குமானால் கயிறே வேண்டியதில்லை. நான்கு முளையும் அடித்தபின் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தால் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். ஒரு மூலைவிட்டம் 8 மீட்டரும் மற்றது 6 மீட்டருமாகச் சாய்ந்துபோனால், பக்கங்கள் நான்கும் சரியாக 5 மீட்டரே இருந்தும் பரப்பு 24 சதுர மீட்டராகிவிடும். ஒரு சாண் மாத்திரம் சாய்ந்ததென்றால் அதனால் வரும் கெடுதி சொற்பம். பக்கத்தின் நீளத்தையே முதலிற் கவனிக்க வேண்டும்.

ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கங்களில் நேரடியாக விதைத்த வயலில் வேறு சங்கடம் உண்டு. நடவு வயலில் வரிசையைக்கொண்டு ஓரக் குத்தைத் தீர்மானிக்கலாம். விதைப்பு வயலில் வரிசை ஏது? அங்கே வேர் எந்தப் பக்கம் இருக்கின்றதோ அந்தப் பக்கமே குத்து என்ற விதியை, அறுப்பதற்கு முன்பே எல்லாருக்கும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு குத்துக்கு ஒரு விதியும் மூன்றாவது குத்துக்கு வேறு விதியுமாக நடக்கக் கூடாது. கண்மாய்ப் பாசனத்தில் மடை அருகிலும் கடைசி வயலிலும் விளைவு வேறுபடுவது பயிரின் மெய்யான வேற்றுமை. அதனை அளவையின் பிசகென்று எண்ணி, நடுத்தரமான வயலாகப் பார்த்துப் பொறுக்குவது தவறு. சீட்டில் விழுந்த எண்ணுக்குரிய வயல் எதுவோ அதையே அறுக்க வேண்டும்.

பரிசோதனையின்போது காப்பீட்டுக் கம்பெனியார் பிரதிநிதியும் ஊராரும் நின்று பார்க்கிறார்கள்; கைப்பேசியிற் படம் எடுத்து இடமும் நேரமும் பதிவாகின்றன. நல்லதே. ஆனால் படம் அங்கே அறுத்தார்கள் என்பதை ருசுப்படுத்தும். கயிற்றின் நீளத்தை ருசுப்படுத்தாது. சாட்சிக் கையெழுத்து மறு அளவையும் ஆகாது. விண்ணிலிருந்து எடுக்கும் படங்களைக்கொண்டு மகசூலை மதிக்கும் முறைகளும் வந்திருக்கின்றன. அம்மதிப்பு சரியா என்று பார்ப்பதற்கும், கடைசியில் வயலில் அறுத்து நிறுத்த நெல்லே உரைகல்.

இனிக் கொள்முதல் நிலையம். நெல்லில் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. மழை மிகுந்த சில வருஷங்களில் மத்திய சர்க்கார் இதனைத் தளர்த்தியதும் உண்டு. ஈரப்பதம் 19 உள்ள 40 கிலோ மூட்டையைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் சுமார் 39 கிலோ நிற்கும். மூட்டைக்கு ஒரு கிலோ என்றால் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அற்பமல்ல. ஆகவே விதி நியாயமானதே. விதியை நடத்தும் கருவியைப்பற்றியே என் பேச்சு.

அக்கருவி பெரும்பாலும் தண்ணீரை நேரே அளப்பதில்லை. நெல்லின் மின்சார குணத்தை அளந்து, உள்ளே வைத்திருக்கும் கணக்கால் ஈரப்பதமாக மாற்றிச் சொல்லுகின்றது. நெல் வெயிலிற் சூடேறியிருந்தாலும், பதர் கலந்திருந்தாலும், வேறு தானியத்திற்குரிய கணக்கில் வைத்திருந்தாலும், சொல்வது மாறும். ஒரே குவியலிலிருந்து மூன்று தரம் எடுத்துப் பார்த்து 16.8, 17.1, 17.4 என்று காட்டினால், அந்நெல் எடுபடுவது எந்தக் கைப்பிடி முதலில் விழுந்தது என்பதைப் பொறுத்ததாகும். முதலெண்ணைக் கண்ட குடியானவன் மகிழ்ந்து போவான், மூன்றாவதைக் கண்டவன் சண்டை பிடிப்பான், நெல் ஒன்றுதான். மூட்டையின் மேல்வாயில் அள்ளிய நெல்லையும் அடியில் இருக்கும் நெல்லையும் ஒன்றாகப் பாவிக்காமல், குழாயால் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, மூன்று தரம் பார்த்து, சராசரியைக் கொள்ளுதல் வேண்டும். மூன்றின் சராசரியிற் சிதறல் ஏறக்குறைய பாதிக்குச் சிறிது மேலாகக் குறுகும். கருவியின் சாய்வு அதனாற் போகாது. அதற்கு, மாவாக்கிய நெல்லைச் சுமார் 130 டிகிரி உஷ்ணத்தில் அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கும் முறையால் ஈரப்பதம் நிச்சயிக்கப்பட்ட மாதிரியைக் காற்றுப்புகாத புட்டியில் அடைத்து நிலையத்தில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் கருவியை அதன்மேல் சோதிக்கலாம். மாதிரி நாட்பட்டுக் கெடுமாதலால், அவ்வப்போது புதிதாக மாற்ற வேண்டும்.

மழைமானியை மறக்கலாகாது. ஏந்து வாய் 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியும் 100 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியும் வழக்கில் உண்டு. இரண்டுக்கும் அளவுக் கண்ணாடி வெவ்வேறு. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மற்றதன் கண்ணாடியை வைத்தால், மழை இரட்டிப்பாகவோ பாதியாகவோ வருஷம் முழுதும் சிறிதும் சிதறாமல் பதிவாகும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைத்த மானியைப்பற்றிப் பேசவே வேண்டுவதில்லை.

தம் நிலத்திலேயே புது ரகத்தையோ நடவு முறையையோ பரீட்சிக்க விரும்பும் மிராசுதாரர்களுக்கு ஒரு வார்த்தை. வம்பன் பயறுவகை ஆராய்ச்சி நிலையத்தின் உளுந்து ரகம் ஒன்றைப் பழைய ரகத்தோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வயலில் இது, மறு வயலில் அது என்று ஒரே முறை போட்டு, நூற்றுக்கு 5 அதிகம் கண்டேன் என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. முதலில் ஒரே ரகம் உள்ள ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு அறுத்துப் பாருங்கள். அவற்றிற்குள்ளேயே 6 பங்கு வித்தியாசம் இருந்தால், 5 பங்கு என்பது புது ரகத்தின் புகழா, உங்கள் மண்ணின் வேற்றுமையா, தராசின் விளையாட்டா என்று யார் சொல்லக்கூடும்? இரு ரகத்தையும் மாற்றி மாற்றிப் பல பாத்திகளில் விதைத்து, ஒரே ஆள், ஒரே கயிறு, ஒரே தராசு கொண்டு அளந்தால், கருவியின் சாய்வு இரு பக்கமும் ஒன்றாய் விழுந்து கழிந்துபோகும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் வேளாண்மை உத்தியோகஸ்தர்களும் வரும் சம்பா அறுவடையில், கிராமத்துக்கு நான்கு பரிசோதனைகளில் ஏதேனும் ஒன்றை மாத்திரமாவது இரட்டிப்பாகச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதே வயலில் முதல் துண்டுக்கு அடுத்தாற்போல் இன்னொரு 25 சதுர மீட்டர். வேறு ஆட்கள், வேறு கயிறு, வேறு தராசு. முதல் எண் இரண்டாமவருக்குத் தெரியலாகாது. வேலை அரை நாள் அதிகமாகும், கூலி கொஞ்சம் கூடும். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் மையினால் எழுத வேண்டும். அவை ஒவ்வாவிட்டால், ஒவ்வும்படி ஒன்றை அடித்துத் திருத்தாமல், அன்றே அவ்விடத்திலேயே இரு கயிற்றையும் எஃகு நாடாவின் மேல் நீட்டிப் பார்த்து, கண்ட நீளத்தை அதன் கீழ் குறித்துவைக்க வேண்டும்.